எந்தக் காரம் என்று கேள்

கண்ணு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், ஆபீசுக்கு ஒழுங்காகப் போகிறாய் என்று கல்யாணப் பெண் கேதகியே சொல்லிவிட்டாள். உன் வாயால் அதைக் கேட்கத்தான் எனக்கு வழியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நிக்டியில் நம் வீட்டுச் சமையலறையில் நின்று, "என் கல்யாணத்தைவிட உனக்கு இந்த ஜெல் பெருசாப் போச்சாம்மா?" என்று கத்திவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனவன் நீ. அதற்கப்புறம் போன் இல்லை. நான் போட்டாலும் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். தமிழிலா என்று அலுத்துக்கொள்ளாதே. நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிவிட்டு மூடிவிடுவாய். இதை மெதுவாகத்தான் படிக்க முடியும், எனக்கும் அதுதான் வேண்டும். இன்னொன்று, இந்த மராட்டிய ஊரில் தமிழ்க்காரர்கள் போடுகிற ஆண்டு மலருக்கும் இதைக் கொடுக்கப்போகிறேன். இப்போது வீட்டுக்கு வீடு முகத்துக்குப் பூசும் ஜெல் காய்ச்சுகிறார்கள். நாலு பேர் படித்தால் நல்லது. உன் பெயரைப் போடமாட்டேன், பயப்படாதே.

சுற்றி வளைக்காமல் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீயும் கேதகியும் செய்த ஜெல் உன் கல்யாணத் தாம்பூலப் பைக்குள் போகாது. லேபிள் அடித்தாயிற்று, குட்டிக் குட்டி டப்பாக்கள் வந்தாயிற்று, கோயமுத்தூர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் படம் அனுப்பியாயிற்று என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் போகாது. நீ கோபத்தில் இன்னும் ஒரு மாசம் பேசாமல் இருந்தாலும் போகாது. ஏன் என்று ஞாயிற்றுக்கிழமை பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது சொல்கிறேன்.

யோசனை நல்ல யோசனைதான். தேங்காயோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, அது அடுத்த கல்யாண வீட்டுக்குக் கைமாறிப் போவதற்குப் பதிலாக, எங்கள் கையால் செய்த கற்றாழை ஜெல் கொடுக்கிறோம் என்று நீங்கள் வந்து சொன்னபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. போசரிக் கம்பெனியின் லேபில் கிரீமும் லோஷனும் சோதித்தே தலை நரைத்தவள் நான். என் பிள்ளைக்கு இந்த ஜென்மத்தில் என் வேலைமீது ஆசை வராது என்று நினைத்திருந்தேன். கேதகி அவள் பால்கனித் தொட்டியிலிருந்து வெட்டி வந்த கோர்பட், அதாவது கற்றாழை மடலை ஒரு குழந்தையைப்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "ஆயி, இதுல பண்ணலாமா?" என்று கேட்டாள். அவள் வரப்போகிற மாமியாரை மராட்டி வழக்கப்படி ஆயி என்று கூப்பிடும்போதெல்லாம் உங்கப்பா தும்முவதுபோல நடித்துச் சிரிப்பை மறைப்பார். தமிழில் அது குழந்தைகள் கக்கூஸுக்குச் சொல்லும் வார்த்தை என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அவள் கூப்பிடுகிற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் உன் சுபாவம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ சாப்பிட உட்கார்ந்தால் நான் பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டும். இல்லாவிட்டால் சாம்பார், ரசம், தயிர், விசேஷ நாளாக இருந்தால் பாயசம், எல்லாவற்றையும் ஒரே சோற்றில் ஊற்றிப் பிசைந்துவிடுவாய். ஏண்டா இப்படி என்றால், "எல்லாம் நல்லாருக்கு, சேர்த்தா இன்னும் நல்லாருக்கும்ல?" என்பாய். அந்தப் பையன்தான் இன்றைக்கும் ஜெல் கிண்ணத்தின் முன்னால் நிற்கிறான். கற்றாழை நல்லது, போடு. வைட்டமின் சி நல்லது, போடு. பன்னீர், புதினா எண்ணெய், இன்னும் போனில் பார்த்த என்னென்னவோ. ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்லதுதான். ஒன்று மற்றதோடு ஒத்துப்போகுமா என்று மட்டும் நீ கேட்கவில்லை. நீ பிசைந்து மிச்சம் வைத்த சோற்றுக்காவது தெருநாய் இருந்தது, இதை எந்த நாய்க்கு வைப்பது?

முதல் தடவை நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. ஜெல்லாக இறுகுகிற கார்போமர் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து, கூட வந்த சின்ன பாட்டிலிலிருந்து சில சொட்டுகள் விட்டிருக்கிறாய். கொஞ்சம் இறுகியும் இருக்கிறது. இன்னும் கெட்டியாக வேண்டும் என்று வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டாய். நான் குக்கரைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் ஆவாது கண்ணு, இன்னுங் கொஞ்சம் காரம் விடு, கெட்டியாயிரும்" என்றேன். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். எத்தனை வருஷம் இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதினாலும் என் தலைக்குள் அமிலம், காரம், உப்பு என்றுதான் இருக்கிறது. நான் சொன்ன காரம் உன் கையில் இருந்த அந்தச் சின்ன பாட்டில்தான். புளிப்பைத் தணிப்பது. உனக்குத் தெரிந்த காரம் ஒன்று மிளகாய், இன்னொன்று டீயோடு கொறிக்கிற மிக்சரும் முறுக்கும். இரண்டும் இல்லை என்று மட்டும் உனக்குப் புரிந்திருக்கிறது. அதுவரைக்கும் புண்ணியம், மிளகாய்ப் பொடியைக் கொட்டவில்லை. பக்கத்திலிருந்த கேதகியிடம் கேட்டாய். அவள் யோசித்து, "கார் மணஜே மீட்டச் நா?" என்றாள். மராட்டியில் கார் என்றால் உப்புதானே என்று. அவள் அம்மா வீட்டில் பாத்திரம் கழுவும் லிக்விட் செய்யும்போது கெட்டியாவதற்கு உப்புத்தான் போடுவார்களாம். உண்மைதான், அதற்கு உப்பு சரி. ஒரு கரண்டி உப்பு விழுந்தது. கார்போமருக்கு உப்பு ஆகவே ஆகாது. என் கண்முன்னால், போனுக்குள், அந்த ஜெல் தளர்ந்து, உடைந்து, கழுநீராகப் போனது. "அம்மா, யே க்யா ஹோ கயா?" என்று நீ அலறினாய். கேதகி, "ஆயி, காரம் போட்டேன், பாணி, தண்ணி ஆயிடுச்சு!" என்றாள். உங்கப்பா சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தார்.

சிரிப்போடு போகட்டும் என்று நான் அதை விட்டுவிடவில்லை. அடுத்த தடவை உப்பே போடாமல் செய்தும் உன் பிளாட்டில் அது நிற்கவில்லை என்றாய். இங்கே என் வீட்டில் அதே பொடி அழகாக நின்றது. என்ன வித்தியாசம் என்று யோசித்தாயா? நீ லோஹேகாவ் பக்கம் டேங்கர் தண்ணீரில் குடித்தனம் நடத்துகிறாய். உன் பாத்ரூம் குழாயில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பது என்ன? உப்புதான். நீ போடாவிட்டாலும் தண்ணீரே கொண்டுவந்து போடும். நான் காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்தேன். பச்சைக் கற்றாழைச் சாற்றிலும் அதற்கென்று சொந்தமாக உப்புகள் உண்டு. ஆகையால் கார்போமரும் கற்றாழைச் சாறும் ஒரே கிண்ணத்தில் நிம்மதியாக இருக்கப்போவதில்லை. நீ எவ்வளவு ஆசையாகக் கலக்கினாலும் சரி, எத்தனை ரீல்ஸில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கலக்கிக் காட்டினாலும் சரி.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சண்டை. ஜெல் உடைகிறது, கட்டி தட்டுகிறது, நிறம் மாறுகிறது, நீயே கொட்டிவிடுவாய். எனக்கு அதில் பயமில்லை. எனக்குப் பயம் நீ ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்த அந்த அழகான ஜெல்லைப் பார்த்துத்தான். காய்ச்சி வடித்த தண்ணீரில், கற்றாழைச் சாற்றைப் பேருக்கு மட்டும் விட்டுச் செய்திருந்தாய், கண்ணாடிபோல இருந்தது. டப்பாவைத் தட்டினால் குலுங்கியது. பெருமையாக நீட்டினாய். கெடாமல் இருக்க என்ன போட்டாய் என்று கேட்டேன். "பென்சோயேட்மா, ஃபுட் கிரேடு, ஊறுகாய்லயே போடுறாங்க" என்றாய். ஊறுகாயில் போடுகிறார்கள், ஜூஸிலும் போடுகிறார்கள். ஏனென்றால் அவை புளிப்பு. அந்த வெள்ளைப் பொடி புளிப்பில்தான் கண்விழித்து வேலை செய்யும். புளிப்பு இல்லாத இடத்தில் அது சும்மா தூங்கும். நான் பி.எச். தாளை முக்கிக் காட்டினேன், உன் ஜெல்லில் புளிப்பே இல்லை. கார்போமர் நிற்க வேண்டுமென்றால் புளிப்பு கூடாது, பென்சோயேட் வேலை செய்ய வேண்டுமென்றால் புளிப்பு வேண்டும். நீ இரண்டையும் ஒன்றாகப் போட்டு மூடி வைத்திருக்கிறாய். காவல்காரன் வாசலில் நிற்கிறான் என்று நம்பி எல்லோரும் படுத்தாயிற்று, அவனும் படுத்துவிட்டான்.

நீ விட்டாயா? "புளிப்புதானே வேணும்? இதோ" என்று என் ஃபிரிட்ஜிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து அறுத்துப் பிழிந்தாய். ஜெல் உன் கண்முன்னாலேயே இளகி வழிந்தது. "அப்போ அந்த பென்சோயேட்டையே டபுளா போட்டுடறேன்" என்றாய். அதுவும் ஒரு உப்புதான், போட்டால் இன்னும் இளகும் என்றேன். கரண்டியைச் சிங்க்கில் வீசினாய். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது, கல்யாணத்தைவிட ஜெல் பெருசு என்று. நானும் பதிலுக்குக் குரலை உயர்த்தியிருப்பேன். உங்கப்பா நடுவில் வந்து, "விடு அம்மிணி, விடு" என்று என் தோளைப் பிடித்தார். அவர் அன்றைக்கு முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார், ஞாபகம் இருக்கிறதா? "என்னப்பா, மறுபடியும் கொரோனாவா?" என்று நீ கிண்டல்கூடச் செய்தாய். மெட்ரோ வேலைத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் சொன்னார்.

தூசி இல்லை. உன்னிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் சத்தியம் பண்ணவில்லை, அதனால் சொல்கிறேன். போன மாசம் நீ சாம்பிள் என்று ஒரு டப்பா கொடுத்தாயே, புதினா எண்ணெய் போட்டது, மூடியில் அப்பா என்று நீயே தமிழில் எழுதி, நடுவில் ப மேல் வைக்கிற புள்ளியை விட்டுவிட்டு. அதைப் பீரோவில் பத்திரமாக வைத்து, ஷேவ் பண்ணும் நாளெல்லாம் பூசிக்கொண்டிருந்தார். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கலக்கிய வேகத்தில் அது கரைந்ததுபோலத் தெரிந்தது. டப்பா பீரோவில் அசையாமல் இருக்க இருக்க, எண்ணெய் மெல்ல மேலே ஏறி ஓரமாகச் சேர்ந்திருக்கிறது. ஒருநாள் அவர் விரல் பட்டது ஜெல்லில் அல்ல, நேராக அந்த எண்ணெயில். புதிதாக மழித்த கன்னம். "ஏனுங், என்னாச்சுங்?" என்று நான் ஓடிப்போனபோது வாஷ்பேசினில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். கன்னம் செக்கச்செவேலென்று கன்றி, மறுநாள் தோல் உரிந்தது. டாக்டர் களிம்பு கொடுத்தார், இப்போது ஆறிக்கொண்டு வருகிறது, கவலைப்படாதே. ஆனால் அவர் அன்றைக்கு என்ன சொன்னார் தெரியுமா? "பையங்கிட்டச் சொல்லிப்போடாத அம்மிணி. ஆசையாச் செஞ்சான், மனசு நொந்துபோவான்." கன்னம் எரிய எரிய நின்றுகொண்டு இதைச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. உன்மேல் கோபம் வந்தது. அவர்மேல் அதைவிடக் கோபம் வந்தது.

இப்போது புரிகிறதா, நான் ஏன் பாறைமாதிரி நிற்கிறேன் என்று? கடையில் வாங்கிய சாமான் என்றால் சனங்கள் பின்பக்கம் திருப்பித் தேதி பார்ப்பார்கள், நாலு பேரிடம் விசாரிப்பார்கள். தாம்பூலப் பையில் வருவதை யார் விசாரிப்பார்கள்? வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், அதோடு உன் டப்பா. மங்கலமாகக் கைகூப்பிக் கொடுத்ததை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பொள்ளாச்சியிலிருந்து வருகிற என் தங்கை, பேத்திக்கு எங்கேயாவது அரித்தால் வேறெதையும் தேடமாட்டாள், "நம்ம கண்ணு கல்யாணத்துல குடுத்தது" என்று அதைத்தான் எடுத்துப் பூசுவாள். மூடியைத் திறந்து விரலைவிட்டு, மறுபடி மூடி, வெயிலில் ரயிலில் கொண்டுபோய், பூஞ்சை பிடித்தது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே பூசிவிடுவாள். ஏதாவது ஆனால் உன்னிடம் சொல்லவும் மாட்டாள். உங்கப்பாவைப் போலவே மூடி மறைப்பாள், பிள்ளை மனசு நோகுமே என்று. நம்மை நம்புகிறவர்கள் நம்மிடம் புகார் சொல்ல மாட்டார்கள் கண்ணு. அதனால் அவர்களுக்காக நாம்தான் முன்கூட்டியே சந்தேகப்பட வேண்டும். நான் சந்தேகப்படுகிறேன். உன்னையல்ல, உன் டப்பாவை.

புதன்கிழமை கேதகி தனியாக வந்தாள். ஏரவாடாவில் அவள் பள்ளிக்கூடம் விட்டு, ஸ்கூட்டியில் அவ்வளவு தூரம். சொல்லாமல் வந்ததால் உங்கப்பாவால் மாஸ்க்கைத் தேடிப் போட முடியவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த முகத்தை அப்படியே பார்த்துவிட்டாள். "பாபா, ஹே காய் ஜாலா?" என்று, இதென்ன ஆச்சு என்று மராட்டியிலேயே கேட்டாள். இவர் தூசி, மெட்ரோ என்று ஆரம்பிக்க, நான் டப்பாவைக் கொண்டுவந்து அவள்முன் வைத்தேன். மேலே மிதக்கிற எண்ணெயைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஆயி, முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள். உன்னிடம் நான்தான் சொல்லுவேன் என்று அவள் வாயை அடைத்ததும் நான்தான். அவளிடம் போய்ச் சண்டை பிடிக்காதே.

நாங்கள் இரண்டு பேரும் கார்போமரை எடுத்து மேலே வைத்துவிட்டோம். சாந்தன் கம் எடுத்தோம், கேக்கிலும் ஐஸ்கிரீமிலும் போடுகிற கோந்துப் பொடி. பெயருக்கேற்ற சாந்தம், கொஞ்சம் உப்புக்கும் புளிப்புக்கும் முகம் சுளிக்காது. கண்ணாடிபோல இருக்காது, சற்று மங்கலாகத்தான் இருக்கும், மூக்குச்சளி என்று நீ சொல்லுவாய், சொல்லிக்கொள். நேராகத் தண்ணீரில் கொட்டினால் கூழில் கட்டி தட்டுவதுபோலத் தட்டும், அதனால் முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டு பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் விட்டோம். ஒரு சமயத்தில் ஒரு பொருள். போட்டுக் கலக்கி, பொறுத்துப் பார்த்து, அதற்கப்புறம் அடுத்தது. எல்லாம் சேர்ந்த பிறகுதான் கடைசியாக பி.எச். தாள், பென்சோயேட் விழித்திருக்கும் அளவுக்குப் புளிப்பு இருக்கிறதா என்று. வாசனை எண்ணெய் கிடையாது. பச்சைக் கற்றாழையும் கிடையாது, பதப்படுத்திய கற்றாழைப் பொடிதான், பச்சை மடல் வீட்டுக்கு மட்டும். மடலை வெட்டி மஞ்சள் பால் வடியவிட்டு, அன்றைக்கே பூசி, மிச்சத்தை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். வைட்டமின் சி வேண்டுமென்றால் நெல்லிக்காய் தின்னச் சொல்லு. ஒரு டப்பாவை ஃபிரிட்ஜிலும் ஒன்றை வெயில் படும் ஜன்னலிலும் வைத்திருக்கிறோம். இன்னொன்று சோதனைக்கு லேபுக்குப் போயிருக்கிறது, கிருமி வருகிறதா என்று அவர்கள் வளர்த்துப் பார்ப்பார்கள். என் முழங்கையின் உள்பக்கம் பூசிக்கொண்டு நான் இருக்கிறேன். உங்கப்பா கன்னத்தை நீட்டிக்கொண்டு வந்தார், கரண்டியால் ஒன்று வைத்தேன்.

ரிப்போர்ட் நன்றாக வந்தால் டப்பா தாம்பூலப் பைக்குள் போகும். முகூர்த்தத்துக்குள் வராவிட்டால் தேங்காய் மட்டும் போகும். வாட்ஸப்பில் படம் பார்த்தவர்கள் கேட்டால் என்னைக் கை காட்டு, மாப்பிள்ளையின் அம்மா ராங்கிக்காரி என்று சொல், நான் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பழி எனக்குப் பாரமே இல்லை. ஒரு குழந்தையின் கன்னம்தான் பாரம்.

கல்யாணமும் இந்த ஜெல் மாதிரிதான் என்று முடிப்பேன் என்று நீ எதிர்பார்த்துக்கொண்டிருப்பாய். முடிக்கமாட்டேன். மேடையில் மைக் பிடிக்கிற மாமா ஒருவர் எப்படியும் வருவார், அவர் பார்த்துக்கொள்வார். நான் கேட்பது ஒன்றே ஒன்று. தெரியாவிட்டால் ஊகிக்காதே, கேள். அன்றைக்கு உன் போனில் நான் உயிரோடுதான் இருந்தேன், உன் முகத்துக்கு நேராக. எந்தக் காரம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உப்பு விழுந்திருக்காது. கேதகியிடமும் அப்படியே கேள், உங்கப்பாவிடமும் கேள். மாஸ்க் எதுக்குப்பா என்று கிண்டல் பண்ணாமல் கேட்டிருந்தால் அந்த மனுஷன் ஒருவேளை சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை வா. கேதகி வருகிறாள், அடுத்த கிண்ணம் கலக்கப்போகிறோம், கை போதவில்லை. உங்கப்பா மாஸ்க் போடமாட்டார், நான் போடவிட மாட்டேன். அந்தக் கன்னத்தை நீ பார்க்கத்தான் வேண்டும். பார்த்துவிட்டு அழுதால் அழு, அவரும் அழுவார், அது உங்கள் பாடு. வரும்போது கொஞ்சம் காரம் வாங்கிக்கொண்டு வா. எந்தக் காரம் என்று நான் எழுதவில்லை, கவனித்தாயா? மறந்துபோய் விட்டதில்லை. போன் பண்ணிக் கேள்.

அம்மா